ஞானஸ்நான மெழுகுவர்த்தியை வீட்டிலேயே அலங்கரிக்க: பசை வேண்டாம், மெழுகே ஒட்டும்

ஞானஸ்நானத்தன்று பாஸ்கா திரியிலிருந்து (ஈஸ்டருக்குக் கோயிலில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி) ஏற்றிக் கொடுக்கும் மெழுகுவர்த்தியைப் பத்திரமாக வைத்திருந்து, பிள்ளை புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் நாளில் மறுபடி ஏற்றும் வீடுகள் உண்டு. அத்தனை வருடம் தாங்க வேண்டிய பொருள் அது. கடையில் வாங்குவதில் ஒட்டியிருக்கும் துணிப்பூவும் முத்தும் அதற்குள் உதிர்ந்துபோகின்றன. என் தங்கை மகளுக்கு நான் செய்து கொடுத்த முறையை எழுதுகிறேன்.

முதலில் பசையை மறந்துவிடுங்கள். ஃபெவிகால் தண்ணீரில் கரைந்த பசை. மெழுகு தண்ணீரை ஏற்காது, அதனால் காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும். காகிதத்தை மெழுகின் மேல் ஒட்டுவதைவிட மெழுகுக்குள் இறக்கிவிடுவதுதான் வழி.

வேண்டியவை: ஒன்றரை அங்குலக் கனமும் 10 அங்குல உயரமும் உள்ள வெள்ளை மெழுகுவர்த்தி, பரிசு சுற்றும் வெள்ளை டிஷ்யூ பேப்பர், மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கர், பட்டர் பேப்பர், ஹேர் டிரையர். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஊறிப் படரும். முகம் துடைக்கும் டிஷ்யூவும் வேண்டாம், மார்க்கர் முனை பட்டாலே கிழியும்.

1. எங்கே வரைவது என்று முடிவு செய்யுங்கள். மேலே 4 அங்குலம் எரிவதற்கு, கீழே 2 அங்குலம் ஞானத்தந்தை (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்) கையில் பிடிக்க. நடுவில் இருக்கும் 4 அங்குலம்தான் உங்களுடையது. முன்பக்கம் பார்த்தால் தெரியும் அகலம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான். அதனால் மேலே சிலுவை, அதன் கீழே பெயர், அடியில் வருடம் என்று அடுக்குங்கள். பாஸ்கா திரியிலும் சிலுவை, அல்ஃபா, ஒமேகா என்ற கிரேக்க எழுத்துகள், அந்த வருடத்தின் நான்கு இலக்கங்கள் இருக்கும். அதைப் பார்த்தே வரையலாம்.

2. பெயரைக் கம்ப்யூட்டரில் அச்செடுத்து, மேலே டிஷ்யூவை வைத்துக் கோடு இழுங்கள். ‘ஞ’, ‘ஜ’ போன்ற எழுத்துகளின் சுழி அடைந்துபோகாதபடி பெரிதாகவே எழுதுங்கள். காய்ந்த பிறகு, எழுத்தை ஒட்டி விளிம்பை நறுக்குங்கள்.

3. இந்தப் படிதான் எல்லாமே. டிஷ்யூவை மெழுகுவர்த்தியில் வைத்து, அதற்கு மேல் பட்டர் பேப்பரை இறுக்கிச் சுற்றி, இரண்டு முனைகளையும் பின்பக்கம் சேர்த்துக் கைப்பிடிபோலப் பிடியுங்கள். டிரையரைச் சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் மேலும் கீழும் ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அதற்காக டிரையரை நெருக்கிப் பிடித்தால் மெழுகு வழிந்து பள்ளம் விழும். பொறுமையாக ஓட்டிக்கொண்டே இருங்கள். திடீரென்று ஓரிடத்தில் பட்டர் பேப்பர் ஈரம் பட்டதுபோல் கருத்து மினுங்கும். மெழுகு இளகி டிஷ்யூவுக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே அடுத்த இடத்துக்கு நகருங்கள். முழுவதும் மினுங்கியதும் டிரையரை நிறுத்தி, சில விநாடி விட்டு, இளஞ்சூடு இருக்கும்போதே பட்டர் பேப்பரை மெதுவாக உரியுங்கள். ஆறவிட்டால் மெழுகையும் பிய்த்துக்கொண்டு வரும். சரியாக இறங்கியிருந்தால் டிஷ்யூ கண்ணுக்கே தெரியாது, எழுத்து மட்டும் மெழுகிலேயே எழுதியதுபோல நிற்கும். விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி சூடு காட்டுங்கள்.

4. சித்திரப்பகுதியின் கீழ் விளிம்பில் லேஸைச் சுற்றி, முத்துத்தலைக் குண்டூசியால் குத்துங்கள். ஊசியின் முனையைச் சூடுகாட்டிக் குத்தினால் மெழுகு விரிசல் விடாது. தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மெல்லிய பருத்தி லேஸே எனக்குப் பிடித்தது. கிளிட்டர் வேண்டவே வேண்டாம், குழந்தையின் கண்ணில் விழும்.

எரிக்கும்போது சுடர் சித்திரத்தை நெருங்கும் முன்பே அணைத்துவிடுங்கள். மெழுகில் ஊறிய காகிதம் இன்னொரு திரியாகப் பற்றிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: ஹேர் டிரையர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எவர்சில்வர் கரண்டியைக் கொதிநீரில் முக்கித் துடைத்து, அதன் முதுகால் பட்டர் பேப்பர் மேல் தேயுங்கள். கரண்டியைத் தீயில் காட்டினால் கரி படிந்து வெள்ளை மெழுகு அழுக்காகும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் பள்ளம் விழாது.

கிறிஸ்துமஸுக்கு சிவப்பு மெழுகுவர்த்தியில் செய்தபோது படமே மறைந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். மெழுகு ஏறியதும் காகிதம் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும், பின்னாலுள்ள சிவப்பு மேலே வந்து வெளிர் நிறங்களை விழுங்கிவிடும். அடர் நிற மெழுகுவர்த்தி என்றால் கறுப்பு மார்க்கரில் தடித்த கோடாக வரையுங்கள், இல்லையென்றால் வெள்ளையே வாங்குங்கள்.