மடக்குக் கத்தி வாங்கும்போது கடினத்தன்மை எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

மடக்குக் கத்தியின் விவரத்தில் 58 எச்ஆர்சி, 61 எச்ஆர்சி என்று போட்டிருப்பார்கள். அது ராக்வெல் சி அளவு: வைரக்கூம்பை 150 கிலோ விசையில் எஃகின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பது. எண் கூடினால் விளிம்பு எளிதில் மடங்காது, கூர்மையும் அதிக நாள் நிற்கும். ஆனால் கூடக்கூட நொறுங்கும் தன்மையும் வரும்.

மழுங்கிய கத்தியை வெளிச்சத்துக்கு நேரே, விளிம்பு கண்ணைப் பார்க்கும்படி பிடித்துப் பாருங்கள். மின்னும் கோடு தெரிந்தால் அங்கே விளிம்பு மடங்கியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. குட்டிக் குட்டிப் பள்ளமாகத் தெரிந்தால் சில்லு பெயர்ந்திருக்கிறது. மடங்கியதைச் சாணைக்கல்லில் நாலு இழுப்பில் சரிசெய்துவிடலாம், சில்லு போனதற்கு நிறையவே தேய்க்கவேண்டும்.

அப்புறம், ஒரே 60 எச்ஆர்சியில் இருக்கும் இரண்டு கத்திகள் ஒன்றுபோல் உழைக்காது. டி2, எஸ்30வி போன்ற எஃகுகளில் இருக்கும் குரோமியம், வனேடியம் கார்பைடு துகள்கள்தான் (உலோகமும் கார்பனும் சேர்ந்த மிகக் கடினமான துகள்கள்) அட்டைப்பெட்டி அறுக்கும்போது தேய்மானத்தைத் தாங்குகின்றன. வனேடியம் அதிகமுள்ளதற்கு வைரக்கல் வைத்துக்கொள்ளுங்கள், சாதாரணக் கல் திணறும்.

தினசரிக்கு 58 முதல் 60 வரை போதும் என்பேன். தண்ணீர் இல்லாமல் மின்சாணையில் மட்டும் பிடிக்காதீர்கள், விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம்.