பழைய துவக்கு வார் அசலா? முதன்முறை பார்ப்பவர்களுக்கு

திருகோணமலையில் பழைய வீட்டைத் துப்புரவாக்கினால் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் ஏதாவது வெளியே வரும். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த ஊர் அல்லவா? அப்படி வருகிற, பழைய சாமான் கடைகளிலும் விற்கிற ஒன்று, பிரித்தானியப் படையின் லீ என்பீல்ட் றைபிளைத் தோளில் மாட்டும் வார். அசலும் போலியும் கலந்தே வரும். பிரித்தறிவது இப்படி. (வாரோடு சன்னமோ துவக்குப் பாகமோ கிடந்தால் தொடவேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கள்.)

முதலில் ஒன்று: எங்கள் ஊரில் பழசாகத் தெரிவதை வைத்துக் காலத்தைக் கணிக்கவே கூடாது. உப்புக்காற்றில் புதுப் பித்தளையும் சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். பார்க்க வேண்டியது, வார் செய்யப்பட்ட விதத்தை.

1. நெசவும் முனையும். ‘1901 மாதிரி’ (Pattern 1901) எனப்படும் இந்த வார், ஒன்றேகால் அங்குல அகலமுள்ள, தடித்த பருத்தி நூலில் நெய்த பட்டி. பட்டியின் உடலில் தையல் இருக்காது. இரண்டு முனைகளையும் பித்தளைத் தகடு கவ்வியிருக்கும். அதன் ஓரம் கொக்கிபோல வளைந்து, றைபிளின் வளையத்துக்குள்ளால் திரும்பி வரும் வாரையே பிடித்துக்கொள்ளும். தகட்டில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு, சந்தேகப்படுங்கள்.

2. முத்திரை. காகத்தின் காலடிபோல மூன்று கோடு சேரும் அம்பு, பிரித்தானிய அரசின் அடையாளம். அம்பு ஆங்கில ‘சி’ எழுத்துக்குள் நின்றால் கனடா. இரண்டு ‘டி’ எழுத்துகளுக்கு நடுவே நின்றால் அவுஸ்திரேலியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்தால், படை கழித்து விற்ற பொருள். பக்கத்தில் தயாரிப்பாளர் எழுத்தும் ஆண்டும் இருக்கலாம். துணியில் குத்திய முத்திரையென்றால், மை நூலுக்குள் ஊறி, துணி தேய்ந்த இடத்தில் தானும் தேய்ந்திருக்க வேண்டும். அழுக்குக்கு மேலே மை பளிச்சென்று நின்றால் பிறகு குத்தியது.

3. தேய்மானம். நான் அதிகம் நம்புவது இதைத்தான். வாரை வெளிச்சத்தில் விரித்து, முனை மடியும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பாவித்த வாரில் றைபிள் வளையம் உரசிய குறுக்குக் கோடு தெரியும். அங்கே நூல் பஞ்சாகியிருக்கும். அப்புறம் பித்தளைக் கொக்கியை மெல்ல விலக்கி, மடிப்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில் மூல நிறம் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியிருக்க வேண்டும். உள்ளும் புறமும் ஒரே மண்ணிறமென்றால், பெரும்பாலும் தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்தது. களஞ்சியத்திலேயே கிடந்த வாரில் தேய்மானம் இராது. அதற்கு முத்திரையும் நெசவும்தான் சாட்சி.

4. ஊதா வெளிச்சம். காசு நோட்டுப் பார்க்கும் டோர்ச்சை இருட்டில் அடியுங்கள். நூல் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவலான வெண்மையூட்டி அதில் இருக்கிறது. சவர்க்காரத் தூளில் கழுவிய அசல் வாரும் ஒளிரும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் சொந்த வாரென்றால், தானாகப் பிரிந்த ஒரு நூலிழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி கடதாசி மணத்தோடு சாம்பலாகும், நைலோன் உருகி மணியாகத் திரளும்.

சரி, போலியும் அல்ல, போர்க்காலத்ததும் அல்ல என்று ஒரு வகையும் உண்டு. இந்திய இராணுவம் போருக்குப் பிறகும் இந்த றைபிள்களைப் பாவித்தது. இந்தியாவின் இஷாப்பூர் துவக்குத் தொழிற்சாலையில் அவை தொடர்ந்து செய்யப்பட்டன, வாரும் அப்படியே. அதை 1942 வார் என்று விற்றால்தான் பிழை. அதற்குரிய விலை கொடுத்து வாங்கலாம்.

பிராசோ போட்டு மினுக்கவேண்டாம், களிம்போடு பித்தளையில் குத்திய முத்திரையின் விளிம்பும் போய்விடும். படம் எடுத்து, யாரிடம், எந்த வீட்டில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, வாரோடு துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.