தப்பு மேளத்தின் அடி மழுங்காமல் பாட்டுக் கோப்பை மாற்றும் முறை

ஒலிக்கோப்பு ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்கு முன், மாற்றத்தான் வேண்டுமா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எம்பி3, ஏஏசி, டபிள்யூஎம்ஏ, ஓக் வோர்பிஸ், ஓபஸ் ஆகிய எல்லாமே, நம் காதுக்கு எட்டாது என்று கணித்த ஒலி விவரங்களைக் களைந்துவிட்டு மிச்சத்தை மட்டும் சேமிப்பவை. களைந்தது திரும்பாது. எம்பி3 கோப்பை ஏஏசி ஆக்கி, பிறகு அதையே மீண்டும் எம்பி3 ஆக்கினால், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போய்விடும். நொடிக்கு 128 கிலோபிட் அளவிலுள்ள கோப்பை 320 ஆக மாற்றினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபைட்டாக இருந்தது 2.4 மெகாபைட்டாகப் பெருகுமே தவிர, இழந்த ஒலி வந்து சேராது.

நமது மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றின் பாடல்களும், மூத்த பெண்கள் பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் இன்று பெரும்பாலும் கையடக்கத் தொலைபேசியில்தான் பதிவாகின்றன. பாடியவர் மறைந்த பிறகு அந்தக் கோப்பு ஒன்றே மிஞ்சும் வீடுகள் உண்டு. ஆகவே தொலைபேசி உருவாக்கிய மூலக்கோப்பை முதலில் வேறோரிடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். கூத்தின் வீடியோவை வட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் அது தானாகவே மறுபடி சுருக்கப்படும். டொக்கியுமென்ட்டாக இணைத்து அனுப்பினால் மாற்றமின்றிப் போய்ச் சேரும்.

வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் பிரிக்க வேண்டுமானால், பல வேளைகளில் ஒலியைச் சுருக்கவே தேவையில்லை. தொலைபேசி வீடியோவுக்குள் இருக்கும் ஒலி பொதுவாக ஏஏசி ஆகவே இருப்பதால், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒலியின் கொடெக்குக்கு, அதாவது சுருக்கும் முறைக்கு, ‘கொப்பி’ எனக் கட்டளையிட்டு எம்4ஏ கோப்பாகச் சேமித்தால், உறை மட்டும் மாறும். ஒலி துளியும் குறையாது.

உண்மையில் மாற்ற வேண்டிய கட்டாயம், கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கிப் பெட்டியிலோ பழைய வேன் ஒன்றின் பிளேயரிலோ பென்ட்ரைவைச் செருகும்போதுதான் வருகிறது. அவற்றுட் பல எம்பி3 தவிர வேறெதையும் வாசிப்பதில்லை. வட்ஸ்அப் குரற்பதிவுகளோ ஓபஸ் வடிவில் இருப்பவை. இதற்குக் கணினியில் வீஎல்சி பிளேயரே போதும். மீடியா பட்டியலில் ‘கன்வர்ட்’ என்பதைத் தெரிவுசெய்து கோப்பைச் சேர்த்து, எம்பி3க்கான புரொஃபைலை எடுங்கள். அந்தப் புரொஃபைல் 128 கிலோபிட்டில் அமைந்திருப்பதால், அப்படியே ‘ஸ்டார்ட்’ கொடுத்துவிடாதீர்கள். அருகிலுள்ள திருகுச்சாவிப் படத்தை அழுத்தி, ஓடியோ கொடெக் பகுதியில் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதை, திருத்துங்கள். குரல் மட்டும் என்றால் மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) 64 கிலோபிட் போதும். தப்பு ஒலிக்கும் பாட்டுக்கு 256 கிலோபிட்டுக்குக் கீழே போகாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் இருக்கிறது. எம்பி3 ஒலியைச் சிறு துண்டங்களாக்கித்தான் சுருக்குகிறது, நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் (44.1 கிலோஹேர்ட்ஸ்) பதிவில் 1152 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டம் ஏறத்தாழ 26 மில்லிசெக்கன் நீளம். அமைதிக்கு நடுவே குச்சி திடீரெனத் தோலில் விழும்போது, சுருக்குவதால் பிறக்கும் இரைச்சல் துண்டம் முழுவதும் பரவி, அடி விழுவதற்குச் சற்று முன்னரே ‘ஸ்ஸ்’ என்று கேட்கும்; அடியின் கூர்மையும் மழுங்கிவிடும். பிட்ரேட் குறையக் குறைய இது தெளிவாகத் தெரியும். மாற்றியபின் ஹெட்ஃபோன் அணிந்து, பாட்டுக்குள் தப்பு முதன்முதலாக நுழையும் இடத்தை மூலக்கோப்போடு ஒப்பிட்டுக் கேளுங்கள். வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு விரைவாகக் குறையைக் காட்டாது. தப்பு மிக அருகில் ஒலித்த பதிவாக இருந்தால், ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து உச்ச ஒலியளவை 1 டெசிபலாவது குறைத்துவிட்டு எம்பி3 ஆக்குங்கள். சுருக்கும்போது உச்சங்கள் சற்று எகிறி வெடிப்பொலி தருவதுண்டு.

ஓடாசிட்டியில் வெட்டி ஒட்டித் திருத்தும் வேலை நீளுமானால், இடையில் சேமிப்பதற்கு எம்பி3ஐப் பயன்படுத்தக் கூடாது. வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் வைத்திருந்து, கடைசியில் ஒருமுறை மட்டும் எம்பி3 ஆக்குங்கள். ஃபிளாக் எதையும் களையாமல் சுருக்குவதால், எத்தனை தடவை சேமித்தாலும் ஒலி குறையாது. இடமும் வேவ் கோப்பைவிடக் கணிசமாகக் குறைவு.

பிட்ரேட்டை மாறாத அளவில் வையுங்கள். மாறும் பிட்ரேட் கோப்புகளின் நேரத்தைச் சில பழைய பிளேயர்கள் தவறாகக் காட்டும். கோப்பின் பெயரை 01, 02 என்று எண்ணோடு தொடங்கி, அதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பென்ட்ரைவில் ஏற்றுங்கள். பிரதி எடுத்த வரிசையில் பாடும் பிளேயர்களும் உள்ளன. அப்படிச் செய்யாவிட்டால், காப்புக் கட்டும் பாட்டுக்கு முன்பே காமன் எரியும் பாட்டு ஒலிபெருக்கியில் வந்துவிடும்.