டர்போ இன்ஜினுக்கு பிஸ்டன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த பிஸ்டன் எத்தனை குதிரைசக்தி தாங்கும்?" டர்போ இன்ஜின் கட்ட இறங்கும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். முதல் தவறும் இதுதான். 800, 1000 என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பிஸ்டனுக்குக் குதிரைசக்தி தெரியாது. அதற்குத் தெரிந்தது தலையில் ஏறும் சூடும் அழுத்தமும், ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய் நின்று திரும்பும்போது விழும் இழுப்பும்தான். அதே 600 குதிரைசக்தியை 5,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்று) நிறைய பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) கொடுத்து எடுத்தால் அழுத்தம் கொல்லும். 8,000-த்தில் எடுத்தால் இழுப்பு கொல்லும். 7,000-த்திலிருந்து 8,000-த்துக்குப் போனாலே அந்த இழுப்பு 30 சதவீதம் கூடிவிடும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியவை வேறு. என்ன எரிபொருள்? எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு ஆர்.பி.எம்.? தினமும் ஆபீஸ் போகிற காரா, டிராக்கில் மட்டும் ஓடுகிற காரா? இதற்குப் பதில் இல்லாமல் பிஸ்டன் வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற கதை.

கணக்குப் போட எல்லோருக்கும் தெரிந்த ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். டொயோட்டா சுப்ராவில் வந்த 2ஜேஇசட்-ஜிடிஇ. ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 86 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ., மொத்தம் 2,997 சி.சி., கம்ப்ரஷன் (கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 8.5:1. இதில் நல்ல டியூனிங் இருந்தால் கம்பெனி பிஸ்டனே ஃபேக்டரி பவரைத் தாண்டி வெகுதூரம் தாக்குப்பிடிக்கும். கொஞ்சம் பூஸ்ட் ஏற்றியதுமே ஃபோர்ஜ்டு (உலோகத்தை அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன் வேண்டும் என்று யாராவது சொன்னால் நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காசு டியூனிங்குக்குப் போனால் இன்னும் பிரயோஜனம்.

சரி, ஃபோர்ஜ்டு வாங்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அடுத்த தவறு, ஃபோர்ஜ்டு என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது. சந்தையில் பெரும்பாலும் இரண்டு அலுமினியக் கலவைகள். 4032-இல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். 2618-இல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சிலிக்கான் இருப்பதால் 4032 சூட்டில் குறைவாகப் பெருக்கும், தேய்மானமும் குறைவு. ஆனால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) வந்து அடித்தால் உடையும் சுபாவம் அதற்கு அதிகம். 2618 அடியை வாங்கிக்கொண்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ரிங் (பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம்) உட்காரும் பள்ளம் சீக்கிரம் தேயும், அதுதான் அதன் குறை. கான்கார்டு விமானத்தின் உடலையே இந்த 2618 வகை அலுமினியத்தில்தான் செய்தார்கள். சூட்டில் பலம் போகாமல் நிற்கும் என்பதுதான் காரணம்.

நிறைய பூஸ்ட் என்றால் 2618-தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஓரளவு பூஸ்டில் தினமும் ஓடும் காருக்கு 4032 போதும், அதுதான் நல்லதும்கூட. நண்பர் ஒருவர் அன்றாடம் ஓட்டும் காருக்கு 2618 போட்டுவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டக் டக்" என்று சத்தம் கேட்டுப் பயந்து இன்ஜினைத் திரும்பப் பிரிக்கச் சொன்னார். பழுது ஒன்றுமில்லை. 86 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் 2618 சுமார் 0.19 மி.மீ. பெருக்கும், 4032 சுமார் 0.17. நூலிழை வித்தியாசம்தான். ஆனால் போருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே விடும் இடைவெளியே 0.1 மி.மீ.க்குள்தான் இருக்கும் என்னும்போது அந்த நூலிழை பெரிய விஷயம். 2618-க்குக் குளிரில் கூடுதல் இடைவெளி விட்டே ஆக வேண்டும். சூடேறும்வரை பிஸ்டன் போரில் மோதி ஒலிக்கும், அப்புறம் அடங்கிவிடும்.

இதற்குப் பயந்து இடைவெளியைக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. லேத் கடையிலும் "பழைய கம்பெனி அளவே வைத்துவிடலாம், டைட்டாக இருக்கும்" என்பார்கள். முழு பூஸ்டில் ஒரு நீண்ட ஓட்டம் போதும், பக்கவாட்டில் கீறல் விழுந்து பிஸ்டன் சிக்கிவிடும். தயாரிப்பாளர் தாளில் எழுதிய இடைவெளிதான் சட்டம். அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிஸ்டன் நேரான உருளை அல்ல. மேலே ஒல்லி, கீழே அகலம், வட்டமும் கொஞ்சம் முட்டை வடிவம். தாளில் சொன்ன உயரத்தில், பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனை கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) குறுக்காக மைக்ரோமீட்டர் வைத்தால்தான் அளவு சரி. பக்கங்களில் கறுப்பாகப் பூசியிருக்கும் கோட்டிங்கோடு அளக்கலாமா, கூடாதா என்பதையும் அதே தாளில் பாருங்கள்.

இன்னொன்று, போரை முதலில் வெட்டிவிட்டு பிஸ்டன் தேடாதீர்கள். பிஸ்டன்கள் கைக்கு வந்து, ஒவ்வொன்றையும் அளந்து எழுதிய பிறகே பிளாக் போரிங்குக்குப் போக வேண்டும். ஹோனிங் (போரின் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) செய்யும்போது, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குப் பதில் கனமான தகடு ஒன்றை முடுக்கிவிட்டுச் செய்யும் கடையாகப் பாருங்கள். போல்ட் இறுகும்போது போர் லேசாகக் கோணுமே, அந்தக் கோணலோடு சேர்த்து வட்டமாக்கத்தான்.

கம்ப்ரஷன் விஷயத்தில் பழைய நம்பிக்கை ஒன்று இன்னும் போகவில்லை. டர்போ என்றால் எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பார்கள். அப்படி 7.5-க்கு இறக்கிய காரை ஓட்டிப் பாருங்கள், டர்போ சுழன்று வரும்வரை மாட்டுவண்டி. இன்றைய எரிபொருள் இன்ஜெக்‌ஷனும் இக்னிஷன் கட்டுப்பாடும் இருக்கும்போது 8.5, 9 எல்லாம் தாராளமாகச் செய்யலாம். இ85 போன்ற எத்தனால் எரிபொருள் என்றால் இன்னும் மேலே போகலாம்.

பெட்டியில் 9:1 என்று போட்டிருந்தால் அது கம்பெனி ஹெட்டும், அதற்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் கம்பெனி கேஸ்கெட்டும் வைத்துப் போட்ட கணக்கு. நம் உதாரண இன்ஜினில் ஒரு சிலிண்டர் சுமார் 500 சி.சி. 8.5 வேண்டுமானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 66.6 சி.சி. 9 வேண்டுமானால் 62.4. வெறும் 4 சி.சி.தான் வித்தியாசம். கேஸ்கெட் அரை மி.மீ. தடித்தாலே அதில் 3 சி.சி. போய்விடும். பியூரெட்டில் திரவம் ஊற்றி ஹெட்டை அளக்காமல் கம்ப்ரஷன் இவ்வளவு என்று சொல்பவர் ஊகம்தான் சொல்கிறார். கம்ப்ரஷனைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் போடுவதும் வேண்டாம். பிஸ்டனின் தட்டையான ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1 மி.மீ. இருக்கும்போதுதான் கலவை நன்றாகக் கலங்கி, நாக்கிங் அடங்கும். அதை விரித்துவிட்டால் குறைந்த கம்ப்ரஷனிலும் நாக்கிங் வரும். குறைக்க வேண்டியதைப் பிஸ்டன் தலையில் உள்ள குழியில் குறைக்க வேண்டும்.

இனி ரிங். பிஸ்டன் உடைந்தது என்று வரும் புகார்களில் ரிங் இடைவெளியைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விடும் இடைவெளி குறைந்தால், சூட்டில் முனைகள் முட்டும். அதற்கு மேல் விரிய இடமில்லாமல் ரிங் போரைக் கவ்விப் பிடிக்கும். பிஸ்டன் நகர, ரிங் நகர மறுக்க, நடுவில் இருக்கும் விளிம்பு பிய்ந்து வரும். கழற்றிய ரிங்கின் முனைகளைப் பாருங்கள். கண்ணாடிபோல் மினுங்கினால் முட்டியிருக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் தரத்தைத் திட்டிப் பயனில்லை.

நிறைய பூஸ்டுக்கு மேல் ரிங்கில் போர் அளவில் ஆயிரத்துக்கு 5 முதல் 6 பங்கு இடைவெளி என்பது வழக்கம். 86 மி.மீ.க்கு 0.43 முதல் 0.52 வரும். இரண்டாவது ரிங்குக்கு அதே அளவோ கொஞ்சம் கூடவோ. அப்போதுதான் நடுவில் அழுத்தம் தேங்கி மேல் ரிங்கைத் தூக்காது. ரிங்கை அது போகப்போகிற சிலிண்டரிலேயே வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுத் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி ராவ வேண்டும். மாற்றி ராவினால் முகத்தில் உள்ள பூச்சு சிதறும். இரண்டு சுற்று, ஒரு அளவு, மறுபடி இரண்டு சுற்று. ஆறு சிலிண்டருக்கு ஒரு மதியம் முழுக்கப் போகும். கூடிப்போனால் கொஞ்சம் புகைக்கசிவுதான் நஷ்டம். குறைந்துபோனால் இன்ஜினே நஷ்டம்.

மற்றவை சில. பெரிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் களிமண் வைத்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ.யாவது இருக்கட்டும். 2ஜேஇசட்டில் பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் குழாய்கள் உண்டு, புதுப் பிஸ்டனின் அடி அதில் இடிக்கக் கூடாது. இடிக்கிறது என்று குழாயையே கழற்றி எறிபவர்களும் இருக்கிறார்கள். பிஸ்டனைக் குளிர வைப்பதை நிறுத்திவிட்டு பூஸ்டை ஏற்றுவது என்ன நியாயமோ தெரியவில்லை. பிஸ்டன் தலையில் துளை போட்ட டிராக் ரேஸ் வகையைத் தெருக் காருக்கு வாங்காதீர்கள், கரி அடைத்துக்கொள்ளும். செட்டோடு வரும் பிஸ்டன் பின் உங்கள் பூஸ்டுக்குப் போதுமா, தடித்த சுவர் உள்ளது வேண்டுமா என்பதை ஆர்டர் செய்யும்போதே கேளுங்கள். பின்னைப் பிடிக்கும் லாக் கம்பிகள் மட்டும் ஒரு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது. போடும்போது ஒன்றிரண்டாவது கண்டிப்பாக விசிறிக்கொண்டு போய் பெஞ்சுக்கு அடியில் விழும்.