பாக்கெட் டார்ச்சுகளை ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

சட்டைப் பையில் அடங்கும் இரண்டு டார்ச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண் முதலில் போவது லூமன் எண்ணுக்குத்தான், அதாவது டார்ச் வெளிவிடும் மொத்த ஒளியின் அளவுக்குத்தான். ஒன்றில் 400, இன்னொன்றில் 1000. பெரிய எண் ஜெயித்துவிடும். இந்த விஷயத்தில் நடக்கும் மற்ற தவறுகள் பலவற்றுக்கும் இதுதான் வேர். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அந்த எண், டார்ச் ஓரிரு நிமிடம் மட்டுமே செய்து காட்டுகிற வேலையைப் பற்றியது.

ஆன்சி எஃப்எல்1 என்று ஓர் அளவீட்டுத் தரம் 2009-இல் வந்தது. பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் பெட்டியில் போடும் லூமன், நேரம், தூரம் எல்லாம் பெரும்பாலும் இதன்படிதான். டார்ச்சைப் போட்ட 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் லூமனை அளக்கிறார்கள். எரியும் நேரத்தையோ, வெளிச்சம் ஆரம்ப அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை கணக்கிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ‘1000 லூமன், 3 மணி நேரம்’ என்றிருந்தால், மூன்று மணி நேரமும் 1000 லூமன் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். விரல் தடிமன் உள்ள அலுமினியக் குழாயில் அவ்வளவு சூட்டை வெளியேற்ற இடமில்லை. கொஞ்ச நேரத்திலேயே உள்ளே இருக்கும் சர்க்யூட் வெளிச்சத்தை 300 லூமன் பக்கம் இறக்கிவிடும். அப்புறம் அதிலேயே நெடுநேரம் ஓடி, மெல்ல மங்கி, 100 லூமனைத் தொடும்போதுதான் அந்த 3 மணி நேரம் முடிகிறது. விதிப்படி எல்லாம் சரி. வாங்கியவருக்குத்தான் ஏமாற்றம்.

ஆகவே சூடேறிய பிறகு எந்த அளவில் நிற்கிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். எரியும் நேர வரைபடம் கிடைத்தால் அதைப் பாருங்கள். கோடு ஒரே மட்டத்தில் நெடுந்தூரம் போனால் நல்ல சர்க்யூட். தொடக்கத்திலிருந்தே சரிந்துகொண்டே போனால், பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். கண்ணின் குணம் ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரிய லூமன் கிட்டத்தட்ட நான்கு மடங்காக வேண்டும். 400-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் தெரிகிற அளவுக்குக் கண்ணில் தெரியாது.

பொய்யான எண்களைப் பிடிக்க ஒரு மனக்கணக்கு போதும். ஏஏ அளவுள்ள, திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், 2000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண்) என்று வையுங்கள். மொத்தம் 2.4 வாட் மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தோராயமாகப் பிடித்தால், 100 லூமனில் இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். ஏஏஏ என்றால் அதில் பாதிக்கும் குறைவு. ஒற்றை ஏஏ பேட்டரியில் 1000 லூமன், 5 மணி நேரம் என்று யாராவது எழுதியிருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். 18650 என்ற லித்தியம் பேட்டரியின் மேல் 9900 எம்ஏஎச் என்று ஒட்டியிருப்பதும் இதே ரகம்தான். தரமானவற்றில் 3500-ஐத் தாண்டுவதே அபூர்வம்.

பேட்டரியில் இன்னொரு ஆபத்தான தவறு உண்டு. 14500 என்ற லித்தியம் பேட்டரி பார்க்க அச்சு அசலாக ஏஏ போலவே இருக்கும். ஆனால் ஏஏ 1.2 அல்லது 1.5 வோல்ட், இது 3.7 வோல்ட். இரண்டையும் ஏற்கும் டார்ச்சுகள் இருக்கின்றன. ஏஏ மட்டும் ஏற்பதில் 14500-ஐப் போட்டால் சர்க்யூட் கருகிவிடலாம். ‘உள்ளே போகிறது, அதனால் சரி’ என்று முடிவு கட்டாதீர்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கப் போகும் டார்ச்சில் ஆல்கலைன் பேட்டரியும் வேண்டாம். கசிந்தால் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

யுஎஸ்பி-சி துளை இருக்கிறது என்று பார்த்ததோடு நின்றுவிடுவதும் உண்டு. துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்ன மின்தடைகளைச் சில தயாரிப்பாளர்கள் வைக்காமலே மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட டார்ச், இரு முனையிலும் சி உள்ள கேபிளில் சார்ஜே ஆகாது. ஒரு முனை பழைய ஏ வகையாக இருந்தால்தான் ஆகும். வாங்கியவுடன் இதைச் சோதித்துவிடுங்கள்.

அடுத்து தூரம். பெட்டியில் போடும் மீட்டர் கணக்கு, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) குறையும் இடம் வரை. அதாவது கிட்டத்தட்ட முழு நிலவின் வெளிச்சம். 100 மீட்டர் என்று போட்டிருந்தால், அங்கே ஏதோ நிற்கிறது என்பது தெரியும், என்னவென்று தெரியாது. பாதி தூரத்தில் நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும் என்பதால் நடைமுறைக்கு அதையே கணக்கில் வைக்கலாம். அதைவிட முக்கியம், பாக்கெட் டார்ச்சின் வேலை பெரும்பாலும் ஒரு கை நீளத்தில்தான் நடக்கிறது: பூட்டுத் துவாரம், மேசைக்கு அடியில் விழுந்த திருகாணி, மருந்துச் சீட்டின் பொடி எழுத்து. தூரம் பாய்வதற்காக ஒளியை நடுவில் குவித்த டார்ச்சை இவற்றின் மேல் அடித்தால் நடுவில் கண் கூசும், சுற்றிலும் இருட்டு. பரந்து விழும் ஒளிதான் அன்றாடத்துக்குத் தோது. முன்பக்கத்தை இழுத்து ஒளியைக் குவிக்கும் ஜூம் டார்ச் கடையில் அசத்தும், கையில் அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம்.

நிறத்தை யாரும் ஒப்பிடுவதே இல்லை. நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஓர் எண் உண்டு; உச்சம் 100. சிஆர்ஐ 70 உள்ள நீலம் பாய்ந்த வெள்ளை ஒளியில் சிவப்பு வயரும் பழுப்பு வயரும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். 90-க்கு மேல் உள்ளதில் பிரிந்து தெரியும். இதற்கு விலையாகக் கொஞ்சம் லூமன் குறையும். தாராளமாகக் கொடுக்கலாம்.

உச்ச வெளிச்சத்தைப் பார்ப்பவர்கள் அடிமட்ட வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. நள்ளிரவில் தூங்குபவரை எழுப்பாமல் நடக்க 1 லூமனே போதும். சில டார்ச்சுகளின் மிகக் குறைந்த மோடே 30, 40 லூமன். போட்டவுடன் எந்த மோடில் எரிகிறது, நடுவில் கண்ணைப் பறிக்கும் மின்னல் மோடு குறுக்கே வருகிறதா என்றும் பாருங்கள்.

எலக்ட்ரானிக் ஸ்விட்ச் உள்ளவை பையில் எதிலோ அழுந்தித் தானே எரியக்கூடும். அதிக மோடில் எரிந்தால் துணி பொசுங்கும், தொடையும் சுடும். ஸ்விட்ச்சைப் பூட்டும் வசதி இல்லாவிட்டால், பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் குழப்பம் வேண்டாம். பெட்டியில் இருக்கும் குறியீடுகளில் ஐபிஎக்ஸ்4 சாரலுக்கு, ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால்தான் இதுவும்.

கடைசியாக, படங்களை வைத்து ஒப்பிடுவது. போன் கேமரா ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்குத் தக்கபடி தானே சரிசெய்துகொள்ளும்; மங்கலான டார்ச்சும் அதில் பிரகாசமாகத் தெரியும். கேமரா தானே இப்படிச் சரிசெய்யாதபடி எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, ஒரே சுவர், ஒரே தூரத்தில் எடுத்த படங்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.