வீட்டில் ஒருவர் இறந்தபின் செய்ய வேண்டிய ஆவண வேலைகள்: இறப்புப் பதிவு முதல் பட்டா மாற்றம் வரை

காரியம் முடிகிற 16ஆம் நாள் வரை துக்க வீட்டில் சான்றிதழ் பேச்சை யாரும் எடுப்பதில்லை. இறப்பைப் பதிவு செய்யச் சட்டம் தரும் அவகாசமோ 21 நாள்தான். ஓரளவு நிதானமாக இருக்கும் ஒருவர், மருமகனோ பங்காளி வீட்டுப் பிள்ளையோ, இந்த வேலையை முதல் நாளே கையில் எடுத்துக்கொள்வது நல்லது. கீழே இருப்பது தமிழ்நாட்டு நடைமுறை.

முதல் சில மணி நேரம்

கண் தானம் செய்வதென்றால் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 104க்கு அழைத்துச் சொல்லுங்கள். குழு வரும்வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வையுங்கள்.

வீட்டில் இறந்தவர் என்றால், வழக்கமாகப் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணம் எழுதிய சான்றை 4ஏ படிவத்தில் வாங்குங்கள். மருத்துவமனை இறப்புக்கு 4ஆம் படிவத்தை அவர்களே கொடுப்பார்கள். அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. மயானத்தில் தரும் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

விபத்து, மின்சாரம் தாக்கியது, பாம்புக்கடி, தற்கொலை என்றால் முதலில் காவல் நிலையம். "ஊரில் பேசி முடித்துவிடலாம்" என்று சொல்ல நான்கு பேர் இருப்பார்கள், கேட்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லையென்றால் விபத்துக் காப்பீட்டுப் பணம் பெரும்பாலும் வராது.

இறப்பைப் பதிவு செய்தல்

பதிவு நடப்பது இறந்த இடத்தில், குடியிருந்த இடத்தில் அல்ல. திருவாரூர்க்காரர் மதுரை மருத்துவமனையில் இறந்தால் பதிவு மதுரையில்தான். மருத்துவமனையே தகவல் அனுப்பிவிடும். வீட்டில் இறந்தால் குடும்பத்தார்தான் தெரிவிக்க வேண்டும்: கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம், நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் சுகாதாரப் பிரிவில்.

21 நாள் தாண்டினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளரின் அனுமதி. ஓராண்டும் போய்விட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், அலைச்சல் அங்கேதான்.

இந்தக் கட்டத்தில் எதில் அசட்டையாக இருந்தாலும் பெயரில் இருக்காதீர்கள். ஊரில் எல்லோரும் "பழனி" என்பார்கள், ஆதாரில் பழனிச்சாமி, பத்திரத்தில் பழனியப்பன் என்று இருக்கும். மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டில் அவசரத்தில் யாரோ சொன்ன பெயர்தான் அப்படியே இறப்புச் சான்றிதழ் வரை போகிறது. சேர்க்கும்போதே ஆதார் நகலைக் கொடுங்கள். முன்னெழுத்து, தந்தை அல்லது கணவர் பெயர், நிரந்தர முகவரி ஆகியவற்றைப் பதிவு செய்யும் முன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பின்னால் திருத்தலாம், ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், தனி ஆதாரங்கள். வங்கி, காப்பீடு, தாலுகா அலுவலகம் மூன்றும் இந்த ஒரு தாளைத்தான் முதலில் பார்க்கும்.

பதிவானதும் முதல் பிரதி இலவசம். இணையத்தில் இறக்கிய சான்றிதழை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்செடுத்துக்கொள்ளலாம்.

கைபேசி எண்ணை நிறுத்தாதீர்கள்

இறந்தவரின் சிம் கார்டுக்குச் சில மாதங்களாவது ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். எந்த வங்கியில் கணக்கு, எந்தப் பாலிசிக்குப் பிரீமியம், எந்தக் கடனுக்குத் தவணை என்பதெல்லாம் குறுஞ்செய்தியில்தான் தெரியவரும். அதற்காக அந்த எண்ணின் கூகுள் பே வழியாகவோ ஏடிஎம் கார்டிலோ பணம் எடுக்கக்கூடாது. "செலவுக்குத்தானே எடுத்தோம்" என்று சொன்னாலும் பிறகு மற்ற வாரிசுகள் வழக்குப் போட இடமாகிவிடும்.

வாரிசுச் சான்றிதழ்

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்தபின் வட்டாட்சியர் வழங்குவார். இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, எல்லா வாரிசுகளின் ஆதார், உறவைக் காட்டும் ஆவணம் தேவை.

இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் மட்டுமல்ல, அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பெயர்தான். கட்டிக்கொடுத்த மகளையும், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். இந்துப் பெண் இறந்தால் கணவரும் பிள்ளைகளும் முதலில் வருவார்கள். கிறித்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசு முறை வேறு. யாரையாவது மறைத்து வாங்கிய சான்றிதழை அவர்கள் பின்னால் ரத்து செய்ய வைக்க முடியும். இந்தச் சான்றிதழ் வாரிசு யார் என்று மட்டுமே சொல்லும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது.

வங்கி, காப்பீடு, பி.எஃப்.

நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாள அட்டையும் போதும். எல்லாத் தாள்களும் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி பணத்தைத் தர வேண்டும். வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும். நாமினி இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். தொகை பெரிது, அல்லது குடும்பத்தில் தகராறு என்றால் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று வரை போகும்.

பாஸ்புத்தகத்தில் ஆண்டுக்கொரு முறை 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 436 பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு: எந்தக் காரணத்தால் இறந்தாலும், சேர்ந்தவுடன் உள்ள காத்திருப்புக் காலம் கடந்திருந்தால், 2 லட்சம். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு: அதுவும் 2 லட்சம். கணக்கு தொடங்கும்போது கையெழுத்து வாங்கிச் சேர்த்துவிடுவதால் இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரிவதில்லை.

வேலையில் இருக்கும்போது இறந்தால் பி.எஃப். அலுவலகத்தில் மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு: சேமிப்புத் தொகைக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐஎஃப். காப்பீட்டின் உச்சவரம்பு 7 லட்சம். முதல் படிவத்தை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

அரசு ஓய்வூதியர் என்றால் உடனே தகவல் சொல்லுங்கள். இறந்தபின் வரவான ஓய்வூதியத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள்.

ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 7, கேஸ், மின் இணைப்பு, வீட்டு வரிப் பெயர் மாற்றம் எல்லாம் மெதுவாகச் செய்யலாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவராக இருந்தால் வாரிசு ஒருவர் வருமான வரித் தளத்தில் வாரிசாகப் பதிவு செய்துகொண்டு அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பான் அட்டையை அதற்குப் பிறகே ஒப்படையுங்கள்.

நிலம்

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல், வில்லங்கச் சான்று வைத்து இ-சேவையில் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வரும். தனித்தனியாக வேண்டுமென்றால் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ (ஒரு வாரிசு தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது) பதிவு செய்து, நிலத்தை அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் மட்டும் போதாது. தாத்தாவுக்கும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தைகளின் பெயரையும் சேர்த்த பிறகே மனு நகரும்.