கம்ப்யூட்டர் இரைகிறதா? முதலில் எங்கிருந்து என்று பிடியுங்கள்

டெஸ்க்டாப் இரைந்தால் பலரும் உடனே புது ஃபேன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அது வெறும் அதிர்வு. திருகை இறுக்கினால் போதும், செலவே இல்லை.

நிற்கவில்லையா? சரி, தகட்டைக் கழற்றிவிட்டு, தடித்த காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபேன் பக்கமாகக் காட்டுங்கள். குழல் உள்ளே எதிலும் படக் கூடாது. எது கத்துகிறது என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் காரணம் தூசிதான். பிராசசரின் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கின் இடுக்குகள் அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது; பிராசசரைக் காப்பாற்ற ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் கெட்டுப்போகலாம். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதுவதோடு சரி.

அப்புறம், பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) வெப்பத்துக்கு ஏற்ப ஃபேன் வேகத்தை அமைக்கும் வசதி உண்டு. பலர் அந்தப் பக்கமே போவதில்லை. ஃபேனை மாற்றியே ஆக வேண்டுமென்றால், கேபினட்டில் இடமிருந்தால் 80 மி.மீ.க்குப் பதில் 120 மி.மீ. போடுங்கள். மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று கேட்டால் கதை வேறு; அது பழுதாகப்போகும் அறிகுறியாக இருக்கலாம். சத்தத்தை விட்டுவிட்டு, முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள்.